அடுகோடியும் முழுக்கோதுமை ரொட்டியும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் சாலையில், வாகன நெரிசல் ஓயாத அடுகோடிப் பகுதியில், மதிற்சுவரும் பெருமரங்களும் சூழ்ந்த பழைய பால்வள ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் பட்டாளத்துக்குப் பால் கறந்து கொடுத்த பண்ணையை 1923-ல் அரசாங்கத்தின் விவசாய இலாகா ஏற்று, கால்நடை வளர்ப்பையும் பாற்பண்ணைத் தொழிலையும் சாஸ்திர ரீதியாகக் கற்பிக்கும் ஸ்தாபனமாக மாற்றியது. 1955-ல் தலைமை நிலையம் கர்னாலுக்குப் போய்விட, அடுகோடியில் உள்ளது தென்பிராந்திய நிலையமாக நீடித்து வருகிறது. 1927-ம் வருஷத்துக் கோடையில் தேக அசௌக்கியத்தால் நந்தி மலையில் ஓய்வெடுத்துவிட்டுப் பெங்களூருக்கு வந்து தங்கிய காந்தியடிகள், வைத்தியர்கள் விதித்த அந்த ஓய்வையும் படிப்பாக்கிக்கொண்டு, இந்த நிலையத்துக்கு வந்து, பசுவுக்கு எவ்வளவு தீனி, எவ்வளவு தண்ணீர், கொட்டிலை எப்படிக் காப்பது என்பவற்றையெல்லாம் மாணாக்கரைப்போல் கேட்டுக் கற்றுக்கொண்டார். பண்டித மதன் மோகன் மாளவியாவும் அங்கே அவருடன் வந்திருந்தார்.

பால்பண்ணையின் கதை ரொட்டியைப் பற்றிய கட்டுரையில் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். 1925 முதல் 1929 வரை வாரந்தோறும் வெளிவந்துகொண்டிருந்த தம் ஆத்மசரிதத்தைக் காந்தியடிகள் எழுதி வந்த காலம் அது. அந்தச் சரிதத்தின் ஓரிடத்தில், ஜோஹன்னஸ்பர்க் நகரில் தம் வீட்டில் கடை ரொட்டியை நிறுத்திவிட்டு, கையால் அரைத்த முழுக்கோதுமை மாவில் வீட்டிலேயே ரொட்டி சுட ஆரம்பித்த விவரத்தை அவர் சிரத்தையோடு சொல்லியிருக்கிறார். வீட்டு அடுப்பில் முழுக்கோதுமை ரொட்டி சுடுவதை அண்மைக்கால நாகரிகம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. இந்த ரொட்டியின் சரித்திரம் உண்மையில் மாவு அரைக்கும் கல்லின் சரித்திரமே. கல் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த காலத்திலெல்லாம் ரொட்டி பழுப்பாகவும் சத்துள்ளதாகவும் இருந்தது, கல் தூரத்துக்குப் போனபோதெல்லாம் அது வெளுத்தது. பெங்களூரின் கதையும் இதற்கு விலக்கல்ல.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அங்கே தங்கிய ஆங்கிலேயத் துருப்புகள் காய்ச்சலால் மாய்ந்ததனால், 1809-ஐ ஒட்டிப் பட்டாளம் உயரமும் குளிர்ச்சியும் உள்ள பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. பட்டாளத்தின் பின்னே தமிழ்நாட்டிலிருந்து சமையல்காரர், சலவைக்காரர், கொத்தர், தச்சர், வியாபாரிகள் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து சேர்ந்தன. கண்டோன்மென்டின் கடைவீதிகளில் இன்றும் தமிழ் ஒலிப்பது அந்த வருகையின் பயனே. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு இறைச்சியோடு ரொட்டியும் தினப்படியாக அளந்து கொடுக்கப்பட்டது. ஆகையால் ராகியும் அரிசியும் உண்ட இந்தப் பிரதேசத்தில் செங்கல் அடுப்புகள் எழுந்தன. நம்மவர்கள் மாவு பிசையக் கற்றார்கள். ஈஸ்ட் கிடைப்பது அரிதாயிருந்த அந்நாளில், தென்னாட்டு ரொட்டிக்காரர்கள் மாவைப் புளிக்கவைக்கக் கள்ளையே உபயோகித்தார்கள். ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றி நுரைக்கவிட்டுப் பழகிய கைகளுக்கு இது புதிய வித்தையாக இருந்திருக்காது.

ரொட்டிக்காரரின் சுத்தத்தில் நம்பிக்கையற்ற ஆங்கிலேயக் குடும்பங்கள் வீட்டிலேயே சுடும் பிரயத்தனமும் செய்தன. சென்னைப் பட்டாளத்தில் கர்னலாக இருந்து, ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் 1878-ல் சமையல் நூல் வெளியிட்ட கென்னி ஹெர்பர்ட் போன்றவர்கள், பேக்கிங் பவுடர் கொண்டு வீட்டில் சிறு ரொட்டிகள் சுடும்படி துரைசானிமார்களுக்கு எடுத்துரைத்தார்கள். ஆனால் அந்த முயற்சியில் முழுக்கோதுமைக்கு இடமே இல்லை. வெண்மையே மேன்மை என்ற எண்ணம் அவர்களுடைய ஊரிலிருந்தே கப்பலேறி வந்திருந்தது.

பெங்களூர் நகரத்துக்குள் ரொட்டி ஜனங்களின் ஆகாரமாக மாறியதற்கு ஐயங்கார் பேக்கரிகளே பிரதான காரணம். ஹாசன் பிரதேசத்தைச் சேர்ந்த ஹெப்பார் ஐயங்கார்கள், தலைமுறை தலைமுறையாகக் கன்னட நாட்டில் வாழ்ந்தும் கன்னடம் கலந்த ஒரு தமிழை வீட்டில் பேசி வருகிறவர்கள். அவர்களில் திருமலாச்சார் என்பவர் சகோதரர்களோடு சேர்ந்து 1898-ல் சிக்கப்பேட்டையில் பி.பி. பேக்கரியைத் தொடங்கினார், இனிப்புக் கடை வைத்திருந்த அவருக்கு ஓர் ஆங்கிலேயர் ரொட்டி சுடும் முறையைக் கற்பித்தார் என்று சொல்லப்படுகிறது. ஆசாரமுள்ள குடும்பம் முட்டையைத் தொடாது. ஆகையால் முட்டையில்லாத கேக்கும், பச்சை மிளகாயும் வெங்காயமும் கொத்துமல்லியும் பிசைந்த காரா பன்னும், வெண்ணெய் தடவிய ரொட்டியும் அங்கிருந்து நகரம் முழுவதும் பரவின. அந்நிய ஆகாரம் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்றை, மடி ஆசாரமுள்ள பாட்டிமார்களும் சந்தேகமின்றிக் கையில் வாங்கும்படி செய்தது சிறிய காரியமல்ல. கண்டோன்மென்ட் பக்கத்திலே, 1902-ல் பிரேசர் டவுன் மசூதி ரோட்டில் ஆல்பர்ட் பேக்கரி தொடங்கியது. நீலகிரி மலையில் 1905-ல் வெண்ணெய் வியாபாரத்தில் இறங்கிய முத்துசாமி முதலியாரின் கடை 1936-ல் பிரிகேட் ரோட்டுக்கு வந்தது. இவர்கள் எல்லாருடைய ரொட்டியும் பெரும்பாலும் மைதா ரொட்டியே.

மைதா ஏன் இவ்வளவு சுலபமாக வென்றது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கோதுமை மணியில் நூற்றுக்கு எண்பத்துமூன்று பாகம் மாவுப்பொருள், பதினான்கு பாகம் தவிடு, எஞ்சிய இரண்டு மூன்று பாகம் முளை. கல் திரிகை இந்த மூன்றையும் சேர்த்தே நசுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹங்கேரியில் வளர்ந்து, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1870-களுக்குப் பின் பேருருவம் கொண்ட எஃகு உருளை ஆலைகளோ, மணியைப் படிப்படியாக உரித்துத் தவிட்டையும் முளையையும் தனியே ஒதுக்கிவிட்டு, வெண்மையான நடுப்பாகத்தை மட்டும் பொடியாக்கின. முளையில் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் காற்றுப்பட்டுச் சில வாரங்களில் சிக்கு நாற்றம் எடுப்பதால், முழுமாவு நெடுநாள் தாங்காது. முளை நீங்கிய மைதாவோ மாதக்கணக்கில் மூட்டையில் கிடக்கும், கப்பலில் கடல் கடக்கும், எந்தத் தேசத்துக் கிடங்கிலும் காத்திருக்கும். வியாபாரத்துக்கு உகந்த குணமே அதை வெற்றிபெறச் செய்தது.

இதை எதிர்த்தவர்களும் அக்காலத்திலேயே இருந்தார்கள். லண்டனில் டாக்டர் ஆலின்சன் என்ற வைத்தியர் முழுக்கோதுமை ரொட்டியே நோயற்ற வாழ்வின் அஸ்திவாரம் என்று உபதேசித்ததோடு நில்லாமல், 1892-ல் கல் ஆலை ஒன்றை வாங்கி, தவிடு நீக்காத மாவை விற்கத் தொடங்கினார். சட்டம் படிக்கச் சென்ற இளைஞர் காந்தி, லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இந்த ஆலின்சனோடு அமர்ந்தவர். ஒழுக்கம் பற்றிய ஆலின்சனின் கருத்துகளுக்காகச் சங்கம் அவரை நீக்க முற்பட்டபோது, அக்கருத்துகளை ஏற்காமலேயே அவரை நீக்குவது நியாயமல்ல என்று வாதித்தவர். பின்னர் 1914-ல் நோயுற்று லண்டனில் கிடந்தபோது அதே வைத்தியர் அவருக்குப் பழுப்பு ரொட்டியும் பச்சைக் காய்களும் பழங்களும் சாப்பிடச் சொன்னார்.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் ஜோஹன்னஸ்பர்க் பரீட்சை. லைப்ஸிக் நகரத்து இயற்கை வைத்தியரான லூயிஸ் கூனேயின் முறைப்படி ஈஸ்ட் சேர்க்காத ரொட்டியைச் செய்ய விரும்பிய காந்தி, ஆலை மாவு அதற்கு உதவாது என்று கண்டு, ஏழு பவுன் கொடுத்துக் கையால் சுற்றும் அரைவை இயந்திரம் ஒன்றை வாங்கினார். அதன் இரும்புச் சக்கரம் ஒருவர் சுற்ற மாட்டாத கனம்; இருவர் சேர்ந்தால் சுலபம். அவரும் நண்பர் போலக்கும் பிள்ளைகளும் விடியற்காலையில் அதைச் சுற்றினார்கள். கஸ்தூர்பாவும் சமையல் வேலைக்கு நடுவே கைகொடுத்தார். போலக்கின் மனைவி வந்து சேர்ந்த பின் அவரும் சேர்ந்துகொண்டார். வக்கீல் தொழிலில் நல்ல வருமானம் பெற்ற குடும்பம், காசுக்குக் கிடைக்கும் ரொட்டியை விலக்கி, மாவுக்காக வியர்வை சிந்தியது நம் கவனத்துக்குரியது. பிள்ளைகளுக்கு அது தேகப்பயிற்சியாயிற்று என்று அவரே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார்.

1910-ல் காந்தியின் நண்பர் கல்லன்பாக் அளித்த ஆயிரத்து நூறு ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தபோது, இந்த வழக்கம் ஒரு வீட்டைத் தாண்டி ஒரு சமூகத்தின் வழக்கமாகிவிட்டது. அங்கே வாழ்ந்த சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களில் தமிழர் திரளாக இருந்தார்கள். குழந்தைகளுக்குத் தாம் அரைகுறையாகக் கற்ற தமிழைக் காந்தி அங்கேதான் கற்பித்தார். காலை ஆறு மணிக்கு வீட்டில் சுட்ட ரொட்டியும் கோதுமையை வறுத்து அரைத்த ‘காப்பி’யும், பதினொரு மணிக்குச் சோறும் பருப்பும் காய்கறியும், சாயங்காலம் கோதுமைக் கஞ்சியும் பாலும் அல்லது மறுபடி ரொட்டியும் காப்பியும். தஞ்சாவூரிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகள் முழுக்கோதுமை ரொட்டியைத் தின்று பள்ளிக்குப் போனார்கள். வீட்டில் ரொட்டி சுடும் தமிழர்கள் தங்களுக்கு முன்னோர் இல்லை என்று எண்ண வேண்டியதில்லை.

காந்தியின் கொள்கைக்கு ஆராய்ச்சிக் கூடத்தின் சாட்சியம் நம் நீலகிரியிலிருந்தே கிடைத்தது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற பட்டாள வைத்தியர் எலிகளை வெவ்வேறு பிரதேசத்து ஆகாரங்களில் வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய் என்ற சீக்கியர் ஆகாரத்தில் வளர்ந்தவை திடகாத்திரமாயிருந்தன. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீர், டின் இறைச்சி என்ற ஆங்கிலேய ஏழைத் தொழிலாளரின் ஆகாரத்தில் வளர்ந்தவை வளர்ச்சி குன்றி நோயுற்றன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து ஆகாரமும் அந்த ஒப்பீட்டில் கடைசி வரிசையில்தான் நின்றது என்பதைத் தமிழர்கள் மறக்கலாகாது. 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்ததும், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா அதன் செயலாளராக வார்தாவில் அமர்ந்து, தீட்டாத அரிசிக்கும் திரிகை மாவுக்கும் பரிந்து எழுதினார். ஆலை வந்தால் சத்தும் போகிறது, கிராமத்துப் பெண்களின் கூலியும் போகிறது என்பது அவருடைய வாதம். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்ததில்தான் அவருடைய மேதை விளங்குகிறது.

1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, ரேஷனில் கோதுமை வந்து தென்னாட்டு வீடுகளில் புகுந்தது. எதைச் செய்வதென்று தெரியாமல் பலர் கஞ்சி காய்ச்சினார்கள். மெல்ல மெல்லச் சப்பாத்தி பழகிற்று. 1951-ல் நிறுவப்பட்ட மைக்கோ கம்பெனியின் தொழிற்சாலை அடுகோடியில் எழுந்ததும், ஷிப்டு வேலைக்கு வந்த தொழிலாளர்கள் நிறைந்த பேட்டையாயிற்று இது. பொழுது விடியுமுன் டீயும் பன்னும் விற்கும் கடைகள் இப்படிப்பட்ட பேட்டைகளில்தான் செழிக்கும். 1965-ல் கொழும்புத் திட்டத்தின் உதவியோடு மத்திய அரசாங்கம் மாடர்ன் பேக்கரீஸ் ஸ்தாபனத்தைத் தொடங்கி, மெழுகுத்தாள் சுற்றிய, துண்டு போட்ட, வைட்டமின் சேர்த்த வெள்ளை ரொட்டியை நகரங்கள்தோறும் இறக்கியது; 2000-ம் வருஷம் ஜனவரியில் அதை ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி வாங்கிக்கொண்டது. தவிட்டோடு போன சத்தை வைட்டமினாகத் திரும்பச் சேர்க்கும் அந்த ஏற்பாடு, அரிசிப் பஞ்சம் கண்ட தலைமுறைக்கு நன்மையே செய்தது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் முழுமணியை விட்டு நாம் எவ்வளவு தூரம் போய்விட்டோம் என்பதற்கு அதுவே அளவுகோலும் ஆகிறது.

அந்தத் தூரத்தைக் குறைத்து வைத்திருப்பது எது? மாவு மிஷின். அடுகோடி, லக்கசந்திரா, நீலசந்திரா, ஈஜிபுரா போன்ற பகுதிகளின் சந்துகளில், ஒரு கதவளவு அகலமுள்ள கடையில், பட்டையில் ஓடும் மோட்டாரும் மரப்பெட்டியும் மாவு படிந்து வெளுத்த சுவர்களுமாக இருக்கும் அந்த மிஷின்களை நம்மவர்கள் மதிப்பதில்லை. கழுவிக் காயவைத்த கோதுமையை டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தால், கடைக்காரர் நிறுத்துப் பார்த்துவிட்டு, முன்பு அரைத்த ராகியின் மிச்சம் நம் மாவில் கலவாதபடி முதலில் ஒரு பிடியைப் போட்டு ஓட்டித் தனியே தள்ளுவார். பிறகு பெட்டியின் பக்கத்தைக் கையால் தட்டித் தட்டி மணியை இறக்குவார். கீழே கட்டிய துணிக்குழாய் உப்பித் தணிந்துகொண்டிருக்க, மாவு டப்பாவில் விழும். அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதைத் தேய்த்துப் பார்த்துக் கல்லை இறுக்குவதும் தளர்த்துவதும் பார்க்க வேண்டிய காட்சி. தவிடும் முளையும் அப்படியே இருக்கும் மாவு, சுடச்சுட, நம் கண்ணெதிரே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட மாவைத் தேடி அலைகிறார்கள். நமக்கு அது தெருக்கோடியில் கிடைக்கிறது. சப்பாத்தியைக் கைவிடாததனால் நாம் இந்தக் கல்லையும் கைவிடவில்லை. வீட்டு ரொட்டிக்கு இதைவிடப் பெரிய மூலதனம் வேறில்லை.

அடுப்பு விஷயத்தில் நம் வீடுகள் நெடுநாள் வறுமையாகவே இருந்தன. ரிச்மண்ட் டவுன், ஆஸ்டின் டவுன் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களும் கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டில் கலந்த கேக் மாவைத் தட்டோடு எடுத்துச் சென்று, பேக்கரியின் விறகடுப்பில் கூலிக்குச் சுட்டு வாங்கி வரும் வழக்கம் இருந்தது. பிறகு அலுமினியத்தில் செய்த வட்ட ஓவன் வந்தது. குக்கரில் மணல் பரப்பி, மூடியின் ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுச் சுடும் உபாயமும் பெண்கள் பத்திரிகைகளின் மூலம் பரவியது. ஹெப்பாளத்து விவசாயப் பல்கலைக்கழகத்தின் பேக்கரிப் பயிற்சி நிலையம் இல்லத்தரசிகளுக்கும் இத்தொழிலைக் கற்பித்திருக்கிறது. 2016-ல் ரொட்டி மாவில் பொட்டாசியம் புரோமேட் சேர்ப்பதை இந்திய அரசாங்கம் தடை செய்தபோதும், 2020-ல் ஊரடங்கு வந்தபோதும் வீட்டில் சுடுவோர் தொகை பெருகியது. அந்த ஊரடங்கில் கடைகளில் ஈஸ்ட் கிடைக்காமல், மாவையும் நீரையும் புளிக்கவைத்துத் தாமே உறைமாவு வளர்த்தவர்கள் அநேகர்.

மிஷின் மாவில் சுடும்போது பலர் சோர்ந்து விடுவதற்குக் காரணம், மைதாவின் அளவுகளை இதற்கும் பிரயோகிப்பதே. கல் அரைக்கும்போது மாவுப்பொருளின் நுண்மணிகள் உடைபடுவதால் அவை அதிக நீரைக் குடிக்கும். தவிடோ மெதுவாகத்தான் நனையும், நனையாத தவிடு பிசைந்த மாவின் இழைகளைக் கத்திபோல் அறுக்கும். ஆகவே அரைக் கிலோ மாவுக்கு நானூறு மில்லிலிட்டர் வரை நீர் விட்டு, வெறுமனே கலந்து அரைமணி நேரம் மூடி வைத்து, அதன் பின்னரே ஐந்து கிராம் ஈஸ்டும் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துப் பிசைய வேண்டும். கையில் ஒட்டுகிறதே என்று மாவு தூவுவது பெரும் பிழை. எண்ணெய் தொட்டுக்கொள்வதே உத்தமம். பெங்களூர் கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே இருப்பதால், மார்கழியில் இட்லி மாவே பொங்க மறுக்கும் இந்த ஊரில், ரொட்டி மாவுக்கும் அதே பொறுமையைக் காட்ட வேண்டும். முழுமாவு மைதாவைப்போல் இருமடங்கு எழும்பாது, ஒன்றரை மடங்கு எழும்பியதும் ஓவனில் வைத்துவிட வேண்டும், இன்னும் காத்திருந்தால் நடுவில் அமுங்கிப் போகும். இருநூறு டிகிரி சூட்டில் நாற்பது நிமிஷம். எடுத்துத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தை விரலால் தட்டினால் உள்ளீடற்ற ஓசை எழ வேண்டும். மந்தமான ஓசை என்றால் தகரத்தை விட்டு எடுத்து இன்னும் ஐந்து நிமிஷம் உள்ளே வைக்க வேண்டும்.

சூட்டோடு வெட்டினால் கத்தியில் பசை ஒட்டும். இராத்திரி சுட்டதைக் காலையில் வெட்டுவதே முறை. நல்ல மாவில் சுட்டது மூன்று நாள் மிருதுவாயிருக்கும். அதற்குமேல் மிஞ்சியதை மெல்லிய துண்டுகளாக்கிக் குறைந்த சூட்டில் உலர்த்தி, காப்பியில் நனைத்துத் தின்னும் ரஸ்க்காக்கிக் கொள்ளலாம். ஐயங்கார் கடைகளில் ரஸ்க் தயாராவதும் இப்படி இருமுறை சுட்டுத்தான்.